தலங்கம குளம்: கட்டின் முதுகைப் பார்த்துவிட்டு வாருங்கள்

மூன்று வருடமாக மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது, கொழும்புக்குக் கிட்ட இருக்கும் தலங்கம குளத்துக்குப் போய் வருகிறேன். அடைமழையிலும் போயிருக்கிறேன், ஓரத்துச் சேறு வெடித்துக் கிடந்த மாசி வெயிலிலும் போயிருக்கிறேன். இவ்வளவு போய்வந்த பிறகு அந்த இடத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுதாமல் இருப்பது நன்றாக இல்லை. தோழிகள் அனுப்பும் படங்களில் சூரிய உதயம் இருக்கும், கொக்கு இருக்கும், கல்யாணச் சோடி இருக்கும். குளம் செய்கிற வேலை எதுவும் அந்தப் படங்களில் இருக்காது. எனக்கு அந்த வேலைதான் பெரிதாகத் தெரிகிறது.

நான் வவுனியாக்காரி. எங்கள் நகரத்துக்குள்ளேயே பண்டாரிகுளம், வைரவபுளியங்குளம், இறம்பைக்குளம் என்று ஊர்ப் பெயர்களெல்லாம் குளத்தில்தான் முடியும். குளம் கட்டி, அதற்குக் கீழே வயல் திருத்தி, அதற்குப் பிறகுதான் வீடு கட்டினார்கள். அப்படி வளர்ந்துவிட்டு கொழும்பு வெள்ளவத்தையில் பதினேழு வருடம் இருந்தால், ஒரு குளக்கட்டைக் கண்டதும் கால் தானாக நிற்கும்.

போவது சுலபம். விடியற்காலை ஐந்தரைக்கு பிக்மி செயலியில் ஓட்டோ பிடித்தால் நுகேகொடை, கோட்டே பக்கமாக ஓடி அரை மணித்தியாலத்தில் கொண்டுபோய் விடும். அந்த நேரத்தில் தெருவில் பால் வண்டியும் பேப்பர்காரரும் மட்டும்தான். பத்தரமுல்லைக்கும் தலவத்துகொடைக்கும் இடைப்பட்ட பகுதி அது. வீட்டு மதில்களுக்கு நடுவே வளைந்து போகும் வீதியில் ஒரு திருப்பம் வரும், மதில் முடியும், தண்ணீர் விரியும். வாசல் இல்லை, ரிக்கற் இல்லை. கட்டோரமாக வீதி ஓடுவதால் வயதானவர்களும் சிரமமில்லாமல் நடக்கலாம்.

பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு ஏமாற்றமே இருக்காது. நீலத் தாழைக்கோழி என் மகனுக்குப் பிடித்தது. புல்லின் தண்டை ஒற்றைக் காலால் பிடித்துப் பிடுங்கி, அந்தக் காலைக் கையைப் போல மடித்து வாய்க்குக் கொண்டுபோகும். முதல் தடவை பார்த்தபோது மகன், "அம்மா, அது சோறு சாப்பிடுது" என்று கத்திவிட்டான். அல்லி இலையின் மேல் இலைக்கோழி நடக்கும். நீர்க்காகங்கள் இறகை விரித்துக் காயவைக்கும். கரையோர மரங்களில் ஊதாமுக மந்திகள் இருக்கும். இலங்கையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத மந்தி அது. கபரகொய்யா என்கிற பெரிய நீருடும்பு ஒன்று வீதியைக் கடந்தால் ஓட்டோக்காரர் நிறுத்தி வழிவிடுவார். கமராவோடு போகிறவர்கள் ஏழு மணிக்கு முன் போய்விடுங்கள், வெயில் ஏறினால் எல்லாம் நாணலுக்குள் போய்விடும்.

சாப்பாடென்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். காலையில் வீதியோரத்தில் ஒருவர் அலுமினியப் பானையோடு கொலகந்த விற்பார். வல்லாரையும் அரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பச்சை இலைக்கஞ்சி, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. நடந்து வேர்த்த பிறகு அந்தக் கஞ்சி உள்ளே இறங்குவதற்கு எந்தக் கடைக் கோப்பியும் ஈடாகாது. கொஞ்சம் தள்ளிச் செவ்விளநீர், மரவள்ளி, கீரைக்கட்டு. அவ்வளவுதான்.

இதெல்லாம் நான் அப்பாவை அங்கே கூட்டிப்போவதற்கு முன் எனக்குத் தெரிந்தது. போன வருடம் ஆவணியில் அப்பா கண் சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு வந்தார். எழுபத்துநான்கு வயது, ஐம்பது வருடம் வயல் செய்தவர். கட்டவிழ்த்துக் கண் தெளிந்த பிறகு எங்கே கூட்டிப்போகட்டும் என்று கேட்டேன். காலிமுகத்திடல் என்றதும், "கடல் பாத்தாச்சு பிள்ளை" என்றார். தலங்கமவில் ஒரு குளம் இருக்கிறது என்றேன்.

"கொழும்பில குளமோ? பேரை வாவியச் சொல்லுறியோ?"

"இல்லையப்பா. கட்டும் துருசும் வானும் எல்லாம் இருக்கு. கீழ வயலும் செய்யினம்."

"அப்ப நாளைக்கே போவம்."

துருசு என்றால் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு, வான் என்றால் குளம் நிறைந்தால் தண்ணீர் வழியும் இடம்.

குளக்கட்டில் இறங்கியதும் எல்லாரும் தண்ணீர்ப் பக்கம் திரும்புவார்கள். அப்பா தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்றார். வயல் பக்கம் சரிந்து இறங்கும் மண்சரிவைத்தான் முதலில் பார்த்தார். "குளம் பாக்கிறதெண்டால் முதல்ல கட்டின்ர முதுகைப் பாக்க வேணும்" என்று சொல்லிக்கொண்டே சாரத்தை மடித்துக் கட்டி இறங்கிவிட்டார். நானும் மகனும் பின்னால் இறங்கினோம். கட்டின் அடியில், புல் மற்ற இடத்தைவிடப் பச்சையாக இருந்த ஓர் இடத்தில் குந்தினார். மண் ஈரமாக இருந்தது. விரலால் ஒரு சிறு பள்ளம் தோண்டினார். கொஞ்ச நேரத்தில் அதில் தண்ணீர் ஊறியது. அதை உள்ளங்கையில் ஏந்தி, புதுக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தெளிஞ்ச தண்ணி. பயமில்லை."

மகன் ஏன் என்று கேட்டான். மண்கட்டு என்றால் எப்போதும் கொஞ்சம் கசியும், கசியாத கட்டே கிடையாது என்று அப்பா சொன்னார். கசிந்து வரும் தண்ணீர் கண்ணாடி போல இருந்தால் அது வெறும் தண்ணீர். கலங்கி வந்தால் அது கட்டின் மண்ணையும் சேர்த்துக் கொண்டுவருகிறது, உள்ளே குழாய் போல ஒரு வழி திறக்கிறது என்று அர்த்தம். அந்த வழி ஒரு நாள் இரவில் வாய் பிளக்கும். அதனால்தான் ஊரில் மாரி காலத்தில் கட்டைச் சுற்றிப் போகிறவர்கள் நண்டு வளையையும் கறையான் புற்றையும் விடவே மாட்டார்கள். பெரிய மரம் கட்டின் மேல் நின்றால் அவர்களுக்குப் பிடிக்காது. உயிரோடு நிற்கும்போது வேர் மண்ணைப் பிடித்திருக்கும், பட்டுப்போன பிறகு அதே வேர் உக்கித் தண்ணீருக்கு வழிவிடும். தலங்கமக் கட்டில் நடக்கிறவர்களுக்கு நிழல் தரும் மரங்களை அப்பா ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு ஆள் வேணும், வருசத்துக்கொருக்காவது வந்து பாக்க" என்றார்.

அதுவரை அந்தக் கட்டின் மேல் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். அதன் முதுகுப் பக்கம் ஒரு தடவையும் இறங்கியதில்லை. அன்றுதான் இறங்கினேன்.

அப்புறம் வயல் வரம்பால் மண்வெட்டியோடு ஒருவர் வந்தார், அறுபது வயதிருக்கும். அப்பாவுக்கு மதவாச்சியில் நெல் ஆலைகளோடு கொடுக்கல் வாங்கல் இருந்த காலத்திலிருந்து சந்தைச் சிங்களம் தெரியும். "மல்லி, வான கொஹேத?" என்று கேட்டார். வான் எங்கே என்று. அந்த மனிதர் நின்றுவிட்டார். இங்கே வருகிறவர்கள் கழிப்பறை எங்கே, கடை எங்கே என்று கேட்பார்கள், வான் எங்கே என்று முதல் முதலாக இப்போதுதான் ஒருவர் கேட்கிறார் என்று சிரித்தார். மண்வெட்டியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு எங்களைக் கூட்டிப்போனார்.

குளம் நிறைந்து மேலதிக நீர் வெளியேறும் இடத்தைத் தமிழில் வான் என்கிறோம். சிங்களத்தில் அது வான. நாங்கள் குளம் வான் பாயுது என்போம், அவர்கள் வெவ வான் தானவா என்பார்கள். துருசுக்கு மட்டும் அவர்களிடம் சொரொவ்வ என்று வேறு சொல். ஆனால் வான் இரு பக்கத்துக்கும் பொது. அதற்குப் பிறகு இருவருக்கும் நான் மொழிபெயர்க்க வேண்டி வரவில்லை. கையால் உயரம் காட்டினார்கள், காலால் வாய்க்காலின் அகலம் அளந்தார்கள், விரலால் மண்ணை நசுக்கினார்கள். வான் பெரிதொன்றுமில்லை, தண்ணீர் வழிய விட்ட தாழ்ந்த கட்டுமானம்தான். அப்பா அதன் விளிம்பையும் கட்டின் உச்சியையும் மாறி மாறிப் பார்த்து இரண்டுக்கும் இடையே எத்தனை அடி என்று கணக்குப் போட்டார். அந்த இடைவெளிதான் குளத்தின் உயிர். வான் அடைபட்டால் தண்ணீர் கட்டின் மேலால் போகும், மண்கட்டின் மேலால் தண்ணீர் போனால் அந்தக் கட்டு விடியும்வரை தாங்காது.

"பிள்ளையாரைக் காணேல்ல" என்றார் அப்பா திரும்பி வரும்போது. வன்னியில் குளக்கட்டு என்றால் அதில் ஒரு பிள்ளையார் இருந்தே ஆக வேண்டும். அனுராதபுரப் பக்கச் சிங்கள ஊர்களில் ஐயனாயக்க தெய்வம் குளத்துக்குக் காவல். எங்கள் ஐயனார்தான் அவர்.

வயற்காரர் சொன்ன ஒன்று இன்னும் என் மனதில் நிற்கிறது. "உங்களுக்குத் தண்ணீர் வராதது கஷ்டம், எங்களுக்குத் தண்ணீர் போகாததுதான் கஷ்டம்." வவுனியாவில் கார்த்திகை, மார்கழி மழையைப் பிடித்து வைத்தால்தான் சிறுபோகம். குளம் எங்களுக்கு உண்டியல். கொழும்பில் இரண்டு பருவமழையும் உண்டு, இடைப்பருவ இடிமழையும் உண்டு, வானம் இங்கே கஞ்சத்தனம் காட்டுவதில்லை. ஆனால் நிலம் தட்டை. கடல்மட்டத்துக்கு மேலே சில அடி உயரத்தில் கிடக்கும் வயல்களும் சதுப்புகளும்தான் கோட்டே, ராஜகிரிய, கொலன்னாவ எல்லாம். விழுந்த மழைக்கு ஓடுவதற்குச் சரிவு இல்லை. அதனால் இங்கே குளத்தின் வேலை மழையைப் பிடித்து நிறுத்துவது, கொஞ்ச நேரம் வைத்திருப்பது, மெல்ல மெல்ல விடுவது.

இது எவ்வளவு பெரிய வேலை என்பதை ஒரு கணக்கால் சொல்லலாம். எங்கள் ஊரில் குளத்து நீரை ஏக்கர் அடியில்தான் பேசுவார்கள். ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் ஏறினால் அது பன்னிரண்டு இலட்சம் லீற்றருக்கு மேல். பத்தாயிரம் லீற்றர் பவுசர் நூற்றிருபதுக்கும் மேலே வந்தால்தான் அதை அள்ள முடியும். குளத்தில் ஓர் ஏக்கர் ஓர் அடி உயர்வதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். அதே தண்ணீர் ஓர் ஒழுங்கைக்குள் வந்தால் எல்லார் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் மிதக்கும். வரம்பு கட்டிய வயலும் இதே வேலையைச் செய்கிறது. அந்த வயலை மண் கொட்டி நிரப்பி வீடு கட்டினால் தண்ணீர் எங்கும் மறைந்துவிடாது, வேறொருவர் வீட்டைத் தேடிப் போகும்.

எங்கள் வீட்டைத் தேடியும் ஒரு தடவை வந்தது. 2010 நவம்பரில், அப்போது வெள்ளவத்தையில் வாய்க்காலுக்குக் கிட்ட ஒரு நிலமாடியில் வாடகைக்கு இருந்தோம். ராத்திரி முழுக்க மழை. அதிகாலையில் எழும்பிக் காலை வைத்தேன், கணுக்கால் வரை தண்ணீர். அரிசிப் பையும் மகனின் பால்மாவும் கட்டிலுக்கு மேலே, அவனைத் தூக்கிக்கொண்டு நான் மேசைக்கு மேலே. வீடு காட்டிய தரகர் அந்த இடத்தில் தண்ணீரே வராது என்று சத்தியம் செய்திருந்தார். அன்று பாராளுமன்ற வளாகமும் வெள்ளத்தில்தான் இருந்தது. அதற்கு முன் 1992 ஜூன் 4 ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் பெய்து பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்திருக்கிறது. தியவன்னா சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் மேடு எழுப்பி 1982 இல் திறந்த கட்டடம் அது.

வெள்ளவத்தைக்கும் தலங்கமவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கோட்டேயைச் சுற்றிய தாழ்நிலத்தில் விழும் மழைக்கு வெளியே போகச் சில வழிகள்தான் உண்டு. வடக்கே களனி கங்கை. மேற்கே வெள்ளவத்தை வாய்க்காலாலும் தெஹிவளை வாய்க்காலாலும் கடல். களனி பெருகினால் ஆற்று நீர் நகரத்துக்குள் ஏறாமல் வடக்குக் கதவை இறக்கிவிடுவார்கள். அப்போது உள்ளே கிடக்கும் தண்ணீருக்கு மேற்கு வழியே பெரிய நம்பிக்கை. அந்த வாய்க்காலின் வாயில் கடல் மணலைக் கொண்டுவந்து குவிக்கும், இயந்திரம் வைத்து அள்ளி வாயைத் திறப்பார்கள். காலி வீதிப் பாலத்தில் நின்று பார்த்தால் மழைக்கு மறுநாள் வாய்க்கால் சிவந்து, இலையும் போத்தலும் சுமந்து, கடலை நோக்கிப் போவது தெரியும். மேட்டுப் பக்கத்துக் குளமும் வயலும் சதுப்பும் எவ்வளவு நேரம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறதோ அவ்வளவு நேரம் கீழே இருக்கிற எங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது. கொழும்பைச் சுற்றி இன்னும் இருபது சதுரக் கிலோமீற்றர் அளவில் ஈரநிலம் இருக்கிறது. அதற்காகத்தான் 2018 இல், ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொழும்புக்குக் கிடைத்தது.

தலங்கமவின் வயது பற்றியும் ஒரு வார்த்தை. கோட்டே இராசதானிக் காலத்துக் குளம் என்று சொல்கிறார்கள். அப்படியென்றால் யாழ்ப்பாணத்தைப் பிடித்த செண்பகப் பெருமாள் வளர்ந்த கோட்டேக்குச் சோறு போட்ட குளங்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். நல்லூர்க் கட்டியத்தில் இன்றும் புவனேகபாகு என்ற பெயர் சொல்லப்படுவதைக் கேட்டிருப்பீர்கள், அது செண்பகப் பெருமாளின் பட்டப்பெயர் என்பார்கள். அவன் பெயரோடு நல்லூரையும் கோட்டேயையும் சேர்த்து நினைக்கும்போது இந்தக் குளம் எனக்கு இன்னும் கொஞ்சம் சொந்தமாகிறது.

மழைக்குப் போய்ப் பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன், யாரும் நம்புவதில்லை. போன ஐப்பசியில் நாலு நாள் தொடர்ந்து பின்னேர இடிமழை. ஐந்தாம் நாள் காலை, சனிக்கிழமை, குடையும் இறப்பர் செருப்புமாகத் தனியாகப் போனேன். கட்டில் ஆளில்லை. கஞ்சிக்காரரும் இல்லை. வழக்கமாகப் பச்சையாகக் கிடக்கும் தண்ணீர் தேயிலைச் சாயம் போல இருந்தது, ஓரத்து நாணல் பாதிக்கு மேல் மூழ்கியிருந்தது. வானுக்குப் போவதற்கு முன்பே சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் பாவற்குளம் வான் பாய்ந்தால் கடலைச் சுருளோடு குடும்பம் குடும்பமாகப் போய் நிற்போம், அந்தச் சத்தத்துக்கு முன் இது குழந்தை. ஆனால் அதே சத்தம்தான். தண்ணீர் விளிம்பில் கண்ணாடித் தகடு போல வளைந்து, கீழே விழுந்து நுரைத்து, வாய்க்காலுக்குள் போய் அமைதியானது. சின்ன மீன்கள் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறப் பார்த்தன. ஒரு வெள்ளைக் கொக்கு அந்த இடத்தைச் சரியாகத் தெரிந்துவைத்து அசையாமல் நின்றது. கீழே வயல்களில் வரம்புவரை தண்ணீர் நின்றது. நாலு நாள் மழை அங்கே தங்கியிருந்தது. அப்பாவுக்குத் தொலைபேசியில் அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தேன். "எத்தினை இஞ்சி போகுது?" என்றார். குனிந்து குடைக் கம்பியை வைத்துப் பார்த்து மூன்று இஞ்சி என்றேன். "நல்லாப் போகுது, குப்பை அடைக்கேல்லையோ?" என்றார்.

அடைத்திருந்தது. அதுதான் என் பெரிய மனக்குறை. அதற்கு முதல் வாரம் ஒரு நிறுவனத்தார் இரண்டு வாகனத்தில் வந்து குளக்கட்டில் விளையாட்டு வைத்து, பகல் சாப்பாடும் அங்கேயே சாப்பிட்டார்கள். நானும் கண்டேன், வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர்கள் விட்டுப்போன லஞ்ச் ஷீட்டும் தண்ணீர்ப் போத்தலும் மழையோடு வானுக்கு வந்து, ஆகாயத்தாமரையோடு சிக்கி, ஒரு பக்கத்தில் மெத்தை போலப் படிந்து கிடந்தன. ஒரு தடியால் என்னால் முடிந்ததை இழுத்தெடுத்தேன். அரை மணித்தியாலத்தில் இரண்டு பை நிறைந்தது. இழுத்த பக்கத்தில் தண்ணீர் உடனே வேகமெடுத்ததைக் கண்ணால் பார்த்தேன். ஒரு சாப்பாட்டுத் தாளுக்குக் குளத்தின் வானை அடைக்க முடியும் என்பதை யாராவது அவர்களுக்கு அன்று சொல்லியிருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். சொல்லாமல் விட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆகாயத்தாமரையும் சல்வீனியா என்ற மிதக்கும் நீர்ச்செடியும் இந்த ஊருக்குப் பழைய தலையிடி. ஆகாயத்தாமரையை ஒழிக்க 1909 இலேயே தனியாக ஒரு சட்டம் போட்டார்கள். சல்வீனியா 1939 இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் பகுதிக்கு வந்து, அங்கிருந்து நாடு முழுக்கப் பரவியது. ஆகாயத்தாமரைப் பூவைப் பார்த்து அழகென்று வீட்டுத் தொட்டிக்கு எடுத்துப்போகிறவர்களைக் குளக்கட்டில் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அதேபோல மீனுக்குப் பாண் போடுவதும். போடுகிற பாணில் பாதி ஊறி அடியில் தங்கி அழுகும், அந்த அழுகலில் பாசி கொழுக்கும். பேரை வாவியின் பச்சை நிறத்தையும் வெயில் நேரத்து வாடையையும் அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

பேரையைச் சொன்னதால் சொல்கிறேன். பிள்ளைகளோடு அன்னப் படகு மிதிக்க வேண்டும், சீமாமலகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் பேரைக்கே போங்கள், அதற்கு அது நல்ல இடம். சாப்பாடும் செடி வாங்கலும் என்றால் தியத்த உயன. மரப்பாலத்தில் நடந்து சதுப்பை உள்ளேயிருந்து பார்க்க வேண்டும் என்றால் பெத்தகான, ரிக்கற் எடுத்துப் போனாலும் பெறுமதி. தலவத்துகொடையில் தியசருவும் அப்படியே. தாழ்நிலத்தை நிரப்பி மேடாக்கவென்று 1968 இல் சட்டம் போட்டு உருவாக்கிய சபையின் வழிவந்த நிறுவனம்தான் இன்று தியசருவைப் பராமரிக்கிறது. இந்த மாற்றம் எனக்கு உண்மையாகவே நம்பிக்கை தருகிறது. ஆனால் கட்டு, துருசு, வான், வாய்க்கால், வயல் என்ற முழு வரிசையையும் ஒரே நடையில் பார்க்க, கொழும்புக்கு இவ்வளவு கிட்ட எனக்குத் தெரிந்து தலங்கமதான்.

2007 இல் இந்தக் குளத்தையும் சுற்றியுள்ள வயலையும் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவித்தார்கள். இருந்தும் சில வருடங்களுக்கு முன் தூண் நாட்டி இதன் மேலால் நெடுஞ்சாலை கொண்டுபோகத் திட்டம் வந்தது, சுற்றியிருந்தவர்கள் எழுந்து நின்று எதிர்த்தார்கள். அப்படி எதிர்த்தவர்களில் பலர் காலையில் இந்தக் கட்டில் நடக்கிறவர்கள். நடக்க வருகிறவர்கள் இருக்கும்வரை குளத்துக்குச் சாட்சி இருக்கிறது. அதனால்தான் கூட்டம் கூடுகிறதே என்று நான் குறைப்படுவதில்லை, கூட்டம் வரட்டும்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், காட்சிக்கும் பறவைக்கும் ஐந்து. நடக்க வசதி நாலு, வீதி ஒடுக்கம், எட்டு மணிக்குப் பிறகு வாகனங்கள் உரசிக்கொண்டு போகும். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், தண்ணீர்ப் பக்கம் எல்லா இடத்திலும் தடுப்பு இல்லை. கழிப்பறைக்கு நான் மதிப்பெண் போடவில்லை, போன நாட்களில் பொதுக் கழிப்பறை எதுவும் என் கண்ணில் படவில்லை, வீட்டிலேயே போய்விட்டுக் கிளம்புங்கள். குப்பைத் தொட்டிகளும் போதாது, ஆளுக்கொரு பை கொண்டுபோங்கள், திரும்பும்போது அது நிறைந்திருக்கட்டும். குளமாக, தண்ணீரைப் பிடித்து விடுகிற ஒரு வேலைக்காரியாகப் பார்த்தால், ஐந்துக்கு ஐந்து.

கார் கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று. கட்டின் ஓரச் சரிவில் சில்லை ஏற்றி நிறுத்தாதீர்கள். மழை நாளில் சில்லுப் பதிந்த தடத்தில்தான் தண்ணீர் முதலில் இறங்கி மண்ணை அரிக்கும். திருப்பத்துக்கு முன்பே வீதி அகலமாக இருக்கும் இடத்தில் விட்டுவிட்டு ஐந்து நிமிடம் நடந்து வாருங்கள். கஞ்சிக்காரர் எட்டரைக்கெல்லாம் பானையைக் கழுவிவிடுவார்.